ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம், நாயை யாரிடம் விட்டுப் போவது?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் ஷீட்சூ, பெயர் புஜ்ஜி, ஏழு வயது, ஆறு கிலோ. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஜோகூர் பாரு போய் ஓர் இரவு தங்கினோம். தானியங்கி உணவுப் பெட்டி, இரண்டு கிண்ணம் தண்ணீர், கேமரா எல்லாம் வைத்துவிட்டுத்தான் போனோம். திரும்பும்போது கடற்பாலத்தில் நெரிசல். வீடு வந்து சேர 30 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாசல் கதவின் அடிப்பகுதியைப் பிறாண்டி வைத்திருந்தான். முதல் வேளை உணவைத் தொடவேயில்லை, அதில் எறும்பு மொய்த்திருந்தது. இரவெல்லாம் குரைத்தான் என்றும், இன்னொரு முறை நடந்தால் புகார் செய்வேன் என்றும் பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி சொல்லிவிட்டார். இன்னும் மூன்று வாரத்தில் நாத்தனார் மகளின் காதுகுத்துக்குத் திருச்சி போக வேண்டும், ஐந்து நாள். என் கணவர்தான் தாய்மாமன், போகாமல் இருக்க முடியாது. அதே ஏற்பாட்டோடு, கீழ்மாடியில் இருக்கும் உயர்நிலை இரண்டு படிக்கிற பையனைத் தினமும் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லலாம் என்கிறார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கேமராவில் பார்த்தபோது புஜ்ஜி பெரும்பாலும் படுத்துத்தான் இருந்தான். நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா? சட்டப்படி பிரச்சினை வருமா?

கால்நடை மருத்துவர் பதில்:

உங்கள் பயம் நியாயமானது. அந்த ஏற்பாட்டை நம்பி புஜ்ஜியை ஐந்து நாள் விட்டுப் போகாதீர்கள். ஓர் இரவுக்குக்கூட வேண்டாம். உங்கள் கணவரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உணவு, தண்ணீர், கேமரா என்று அவர் அக்கறையாகத்தான் யோசித்திருக்கிறார். ஆனால் அதில் ஓர் ஆள் குறைகிறார். ஏதாவது ஆகிவிட்டால் உடனே கதவைத் திறந்து உள்ளே போய், "இவன் சரியில்லை, டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்" என்று முடிவெடுக்கக்கூடிய பெரியவர் ஒருவர் வேண்டும்.

உங்கள் நாய் ஷீட்சூ என்பதால் கண்ணை வைத்தே சொல்கிறேன். இந்த இனத்துக்குக் கண் துருத்திக்கொண்டிருக்கும், சிலதுக்குத் தூங்கும்போதுகூட இமை முழுசாக மூடாது, அதனால் கருவிழி சீக்கிரம் காய்ந்துவிடும். சோபா ஓரத்தில் முகத்தைத் தேய்த்தாலோ, ஒரு முடி உள்ளே குத்தினாலோ போதும், புண் வந்துவிடும். முதலில் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டிருப்பான், தண்ணீர் வடியும், முன்னங்காலால் தேய்ப்பான். அன்றே கொண்டுவந்தால் பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே சரியாகிவிடும். கிருமி சேர்ந்து புண் ஆழமாகிவிட்டால் ஓரிரு நாளில் கருவிழி ஓட்டையாகி, கண்ணையே எடுக்கும் நிலைமைக்குப் போகலாம். கூடத்து மூலையில் மாட்டிய கேமராவில் நாய் படுத்திருப்பது தெரியும், கண்ணை இடுக்கியிருப்பது தெரியாது. தெரிந்தாலும் திருச்சியில் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள்? பதினைந்து நிமிடம் வந்து பெட்டியை நிரப்பிவிட்டுப் போகும் பையனுக்கு அது கவலைப்பட வேண்டிய விஷயம் என்றே தோன்றாது. அவன்மேல் தப்பில்லை, அவனுக்குப் பதினான்கு வயது.

வெயிலையும் சொல்ல வேண்டும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஷீட்சூ, பக், பிரெஞ்சு புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களால் அதையும் சரியாகச் செய்ய முடியாது. மழை வரும் என்று சன்னலை எல்லாம் அடைத்துவிட்டுப் போன வீட்டில், மேற்கு வெயில் விழும் கூடத்தில், மத்தியானம் என்ன புழுக்கம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் அந்த உணவுப் பெட்டி. நீங்கள் ஆபீஸிலிருந்து வரத் தாமதமானால் ஒரு வேளையைச் சமாளிக்க அது நல்ல சாமான். நாள் கணக்கில் அதை நம்ப முடியாது. நம் ஊர் ஈரப்பதத்தில் உலர் உணவு நமுத்துப்போய் உருண்டையாக ஒட்டிக்கொண்டு பெட்டியின் வாயை அடைத்துவிடும். எறும்பை நீங்களே பார்த்துவிட்டீர்கள். தண்ணீரும் அப்படித்தான். ஆறு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 முதல் 400 மில்லி போதும், அளவு பெரிய விஷயமே இல்லை. பதற்றத்தில் கிண்ணத்தைத் தட்டிவிட்டால் மறுபடி ஊற்றிவைக்க ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம்.

"பெரும்பாலும் படுத்துத்தான் இருந்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே படுத்திருந்தான்? அந்தப் பதிவு இன்னும் இருந்தால் நீங்கள் கிளம்பிய முதல் அரை மணி நேரத்தை நிதானமாகப் பாருங்கள். வாசலுக்கும் சன்னலுக்கும் நடக்கிறானா, வாய் ஒழுகுகிறதா, ஊளை மாதிரிக் குரல் கொடுக்கிறானா, படுத்தாலும் கதவை ஒட்டி மூக்கை இடுக்கில் வைத்துக்கொண்டு லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்குகிறானா? தன் மெத்தையில் சுருண்டு அயர்ந்து தூங்குகிற நாயும் கதவோரம் காத்துக் கிடக்கிற நாயும் சின்னத் திரையில் ஒன்று போலத்தான் தெரியும். கதவைப் பிறாண்டியது, உணவைத் தொடாதது, இரவெல்லாம் குரைத்தது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இது சேட்டையாகத் தோன்றவில்லை. போரடித்த நாய் செருப்பைக் கடிக்கும், குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும், வைத்த பிஸ்கட்டையும் தின்றுவிடும். தனிமையில் பதறுகிற நாய்தான் நீங்கள் வெளியேறிய கதவையே குறிவைக்கும், பிடித்த தீனி கண்முன் இருந்தாலும் சாப்பிடாது. வந்ததும் அவனைத் திட்டியிருந்தால் இனிமேல் வேண்டாம். எதற்காகத் திட்டுகிறீர்கள் என்று அவனுக்குப் புரியாது. நீங்கள் வீடு திரும்புவதையே பயத்தோடு எதிர்பார்க்கப் பழகிவிடுவான்.

எத்தனை மணி நேரம் தனியாக விடலாம் என்று பலரும் கேட்கிறார்கள். ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பரவாயில்லை. காலையிலும் மாலையிலும் நன்றாக நடக்கக் கூட்டிப்போனால் ஒரு வேலை நாளின் எட்டு மணி நேரத்தைப் பல நாய்கள் சமாளித்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் நடுவில் யாராவது வர வேண்டும். குட்டிக்கும், வயதான நாய்க்கும், மருந்து சாப்பிடுகிற நாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. நீரிழிவு உள்ள நாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் இன்சுலின் போட முடியும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற நாய்க்கு வேளை தவறினால் வலிப்பு திரும்ப வரலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, விலங்குகள், பறவைகள் சட்டத்தில் 2014இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி நாயை வைத்திருப்பவருக்கு அதைப் பராமரிக்கும் கடமை உண்டு. போதுமான உணவு, தண்ணீர், தங்குமிடம் தர வேண்டும், காயமோ நோயோ வந்தால் கவனிக்க வேண்டும். இத்தனை மணி நேரத்துக்கு மேல் தனியாக விடக்கூடாது என்று அந்தச் சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. நியாயமாகச் செய்ய வேண்டியதைச் செய்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள். தவறினால் முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓர் இரவு குரைத்ததற்காக உங்களைச் சிறைக்கு அனுப்பமாட்டார்கள், அந்தப் பயம் வேண்டாம். ஆனால் நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது பூட்டிய வீட்டுக்குள் நாய் சுருண்டு விழுந்தால், கேமரா வைத்திருந்தோம் என்பது பதிலாகாது.

சரி, என்ன செய்யலாம்?

புஜ்ஜிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, அவனுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒருவர் உங்கள் வீட்டில் வந்து தங்குவது. ஐந்து இரவு. தங்கை, சித்தி, கல்யாணமாகாத நண்பர், யாராக இருந்தாலும் சரி, அவர்கள் பகலில் வேலைக்குப் போனால்கூடப் பரவாயில்லை. இடம் மாறாது, வாசனை மாறாது, இரவில் பக்கத்தில் மூச்சுவிட ஒருவர் இருப்பார். கீழ்மாடிப் பையனையும் விட்டுவிடாதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் விளையாட, கீழே நடக்கக் கூட்டிப்போக அவன் அருமையான துணை. பொறுப்பு மட்டும் பெரியவர் ஒருவரிடம் இருக்க வேண்டும், பையனின் அப்பா அம்மாவுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, புஜ்ஜி உறவினர் வீட்டுக்குப் போவது. அது வீவக வீடு, அங்கே ஏற்கெனவே நாய் இருக்கிறது என்றால் சரிப்படாது, ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான் அனுமதி.

இரண்டும் முடியாவிட்டால் போர்டிங், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் ஏவிஎஸ் (விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை) கொடுத்த உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உரிமம் உள்ள இடங்களின் பட்டியல் அவர்களுடைய இணையத்தளத்தில் இருக்கிறது. இன்ஸ்டகிராமில் அழகான படம் போட்டு, வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்பவர்களிடமும் உரிமத்தைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நேரில் போய், நாய்கள் தூங்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முன்னறையை மட்டும் காட்டினால் அந்த இடம் வேண்டாம். நான் போனால் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இரவு பத்து மணிக்குப் பிறகு இங்கே யார் இருப்பார்கள்? பதிலை இழுத்தால் கிளம்பிவிடுங்கள். உணவு மாறினால் வயிற்றுப்போக்கு வரும், அதனால் அவன் சாப்பிடும் உணவையே வேளைக்கு ஒரு பையாகப் பிரித்துக் கொடுங்கள். தடுப்பூசி பாக்கி இருந்தால் இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள், அது வேலை செய்யக் கொஞ்சம் நாள் பிடிக்கும். உண்ணி மருந்தும் போட்டிருக்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல் இங்கே நாங்கள் அடிக்கடி பார்க்கிற நோய். பயணத்துக்கு முன் ஓர் இரவு சோதனையாக விட்டுப் பாருங்கள். அன்று சாப்பிடாமல் நடுங்கிக்கொண்டிருந்தான் என்றால் வேறு வழி யோசிக்க உங்களுக்கு அவகாசம் இருக்கும்.

யாரிடம் விட்டாலும், எப்படி ஒப்படைக்கிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஊருக்குப் போனவர்களின் நாயை வேறு யாரோ தூக்கிக்கொண்டு வருவதை எங்கள் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறோம். பக்கத்து வீட்டு அம்மா வீட்டு உடையிலேயே, நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார். வயது என்ன? தெரியாது. என்ன மருந்து சாப்பிடுகிறது? ஏதோ பாதி மாத்திரை, வெள்ளைக் கலர். உரிமையாளருக்குப் போன் போட்டால் விமானத்தில் இருப்பார், அல்லது வெளிநாட்டு ரோமிங் போட்டிருக்கமாட்டார். வலியைக் குறைக்கலாம், குளுக்கோஸ் ஏற்றலாம், அதுவரை நாங்கள் செய்துவிடுவோம். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டும் என்றால் சம்மதம் தர ஒருவர் வேண்டும், பணம் கட்ட ஒருவர் வேண்டும். அந்த அம்மா பாவம், உதவி செய்ய வந்தவர், கையெழுத்துப் போடலாமா என்று கை நடுங்க நிற்பார். நாய் மேசைமேல் கிடக்கும். இப்படிக் காத்திருக்கும் நேரத்தைப் போலக் கொடுமை என் வேலையில் வேறு இல்லை. அது முழுக்கத் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். புஜ்ஜியின் வயது, எடை, மைக்ரோசிப் எண், ஒவ்வாமை, மருந்து. வழக்கமாகப் போகும் கிளினிக், இரவில் திறந்திருக்கும் 24 மணி நேர மருத்துவமனை, இரண்டின் முகவரியும். உங்களை எட்ட முடியாதபோது சிகிச்சைக்குச் சம்மதம் தரும் அதிகாரம் இவருக்கு உண்டு என்ற ஒரு வரி. எத்தனை வெள்ளி வரை கேட்காமலே செலவழிக்கலாம் என்ற ஒரு தொகை. இந்தத் தொகையை எழுதக் கணவன் மனைவி இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். பேசிவிடுங்கள், சங்கடமாக இருந்தாலும் இப்போது பேசுவது விமான நிலையத்தில் நின்றுகொண்டு பேசுவதைவிட நல்லது. இரவு நேர மருத்துவமனைகளில் கட்டணம் அதிகம், முன்பணமும் கேட்பார்கள். கொஞ்சம் பணத்தை அவர் கையிலோ பேநவ்விலோ (கைப்பேசி வழிப் பணமாற்று) முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியை உங்கள் கிளினிக்குக்கும் அனுப்பி வையுங்கள். வீட்டில் பணிப்பெண் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று கிளம்புகிற குடும்பங்களுக்கும் இதே தாள் வேண்டும். முதலாளியின் பணத்தில் 800 வெள்ளிக்கு அவர் தானாக எப்படித் தலையாட்டுவார்?

நள்ளிரவில் நாயை எப்படிக் கொண்டுபோவது என்பதையும் சொல்லிவையுங்கள். பேருந்திலும் எம்ஆர்டியிலும் ஏற்ற முடியாது. கிராப் செயலியில் செல்லப்பிராணிகளுக்கான வாகனத்தை எப்படிப் பதிவு செய்வது என்று காட்டிக் கொடுங்கள், நாய்ப்பை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

இரும்புக் கதவு விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. புது ஆள் கதவைத் திறந்து, குனிந்து செருப்பைக் கழற்றும் அந்த ஒரு நொடியில் காலுக்கிடையில் புகுந்து ஓடிவிடும் நாய்கள் உண்டு. படியிறங்கி, கீழ்த்தளம் தாண்டி, சாலை. வீட்டுக்குள் வந்து இரும்புக் கதவைச் சாத்திய பிறகுதான் மரக்கதவைத் திறந்து வைத்துக் காற்று வாங்குவதெல்லாம். வெளியே போவதானால் வாரை மாட்டிய பிறகுதான் கதவு. ஏவிஎஸ் உரிமப் பதிவில் இருப்பது உங்கள் பழைய எண்ணா, இப்போது உபயோகிக்கும் எண்ணா என்று இன்றே பாருங்கள். புஜ்ஜியோடு இங்கே இருக்கப்போகிறவரின் எண்ணைக் கழுத்துப்பட்டையில் ஒரு தகடாகத் தொங்கவிடுங்கள்.

தனிமைப் பதற்றத்துக்கு வருகிறேன். அதற்கு வைத்தியம் இருக்கிறது, ஆனால் மூன்று வாரத்தில் முடியாது. சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்காருங்கள். கதவைத் திறந்து மூடிவிட்டு உள்ளேயே இருங்கள். பிறகு ஒரு நிமிடம் வெளியே, பிறகு மூன்று நிமிடம். அவன் பதறத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வருவதுதான் இதில் கணக்கு. பதறிவிட்டான் என்றால் நேரத்தைக் குறையுங்கள். கடுமையாக இருந்தால் ஃபுளுவாக்ஸடின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளும் கொடுப்போம், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அந்தக் கேமராப் பதிவை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் ஒருமுறை போய் வாருங்கள், நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அது எங்களுக்கு அதிகம் சொல்லும். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையையோ அலர்ஜி மாத்திரையையோ நீங்களாகக் கொடுக்க வேண்டாம். குரைத்தால் ஷாக் அடிக்கும் கழுத்துப்பட்டையும் வேண்டவே வேண்டாம், பயத்தில் குரைக்கிற நாயின் பயத்தை அது இன்னும் கூட்டும்.

அடுத்த முறை ஜோகூர் பாருவுக்கு அவனையும் காரில் கூட்டிப்போய்விடலாம் என்று தோன்றலாம். சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை, அதை அப்படியே காப்பாற்றத்தான் திரும்பி வரும் நாய்க்கு இத்தனை கெடுபிடி: வெறிநோய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, இறக்குமதி உரிமம். வாரக்கடைசிப் பயணத்துக்கு நடக்கிற காரியம் இல்லை. கடற்பாலத்தில் எத்தனை மணி நேரம் நிற்போம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், ஒரு நாள் பயணமானாலும் சாவி ஒன்று யாரிடமாவது இருக்கட்டும்.

அந்த யாராவது பக்கத்து வீட்டு ஆன்ட்டியாகவே இருக்கலாம். அவர் இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறார், கோபப்பட உரிமை உண்டு. பயணத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் போய், அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, இந்த முறை வீட்டில் யார் தங்குகிறார்கள், அவருடைய எண் என்ன என்று சொல்லுங்கள். சத்தம் கேட்டால் உடனே போன் செய்யச் சொல்லுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் காதுதான் உங்கள் கேமராவைவிட முதலில் கேட்கும். புகார் செய்வேன் என்றவர்களே உதவிக்கு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் ஓரிரு நாள் அவன் அதிகம் தூங்கினால் கவலைப்பட வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு, கண்ணை இடுக்குவது என்று எது இருந்தாலுமோ கொண்டு வாருங்கள். போர்டிங்கில் விட்டிருந்தால் இரண்டு வாரம் வரை இருமலையும் கவனியுங்கள். தொண்டையில் ஏதோ சிக்கினது போலக் கமறி இருமினால் கிளினிக்குக்குள் நேராக வராமல் வெளியிலிருந்தே போன் செய்யுங்கள். மற்ற நாய்களுக்குத் தொற்றாமல் இருக்க நாங்களே வெளியே வந்து பார்ப்போம்.